காது போன பிறகும் திருவையாறு

பெண் கேட்டு வந்த அன்றுதான் ராமலட்சுமி அந்தப் பெயரை முதலில் கேட்டாள். "பாளையம்பட்டி அப்பய்யா. தறிக்காரரு, குடிக்க மாட்டாரு. தை மாசம் மட்டும் திருவையாத்துல தியாகராஜர் பாட்டுக் கேக்கப் போயிருவாரு" என்றாள் பெரியம்மா.

கல்யாணமான நாளிலிருந்து, அவர் போகும்போதெல்லாம் தறியும் பிள்ளைகளும் இவள் தலையில்தான். விசைத்தறிச் சத்தத்தில் அவருக்குக் காதே போய்விட்டது. இந்தத் தையிலாவது வீட்டில் இருப்பார் என்று நினைத்தாள். அவரோ பையை எடுத்துவிட்டார்.

"நான் கத்துறதே கேக்கல. அங்க போயி என்னத்தக் கேக்கப் போறீக?"

அவர் அவள் வாயையே பார்த்தார். "நீ கேட்டது இப்ப எப்பிடித் தெரிஞ்சுச்சாம்? அவுக பாடுறதும் நம்ம வீட்டுத் தெலுங்குதான?"

சண்டை போடத் தெம்பில்லாமல் துண்டை மடித்துக் கொடுத்தாள்.

அப்பய்யா இப்போது திருவையாற்றுப் பந்தலில், பாடுகிறவர்களின் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.