சிரட்டைக்கு உள்ளே இடமில்லை

அப்பா எங்கே டீ குடித்தாலும் கிளாஸை அவரே கழுவி வைப்பார். குஜிலியம்பாறைப் பக்கத்தில் அவருடைய ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனியாகச் சிரட்டைதான். குடித்துவிட்டு அவர்களே கழுவ வேண்டும். பிறகு அரசாங்க வேலை, திண்டுக்கல்லில் சொந்த வீடு எல்லாம் வந்தன. அந்தக் கை மட்டும் ஊரைவிட்டு வரவில்லை. "வைங்க சார், நான் கழுவிக்கிறேன்" என்று கடைக்காரர் கெஞ்சுவார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பேன். கேட்டால், "ஒண்ணுமில்லலே, பழக்கம்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில், தலைமுறை வலியைக் கலை ஆற்றும் என்று ஒரு சிறுபத்திரிகையில் நான் ஆறு பக்கம் எழுதியிருந்தேன். படித்தவர்கள் மூன்று பேர், பிழை திருத்தியவரையும் சேர்த்து. ஆகவே, சென்னையிலிருந்து வந்த இளம்பெண் ஓவியர் ஒருவர் திண்டுக்கல் கல்யாண மண்டபம் ஒன்றில் சிரட்டைகளை வைத்துக் கண்காட்சி அமைத்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். பார்ப்பார், அழுவார், பேசுவார், கழுவுவது நிற்கும் என்பது திட்டம். அழுகைக்கென்று கைக்குட்டை இரண்டு எடுத்துக்கொண்டேன்.

நூறு சிரட்டைகள் மஞ்சள் வெளிச்சத்தில் தொங்கின. வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸில் டீ. அப்பா கிளாஸும் கையுமாக ஒரு சுற்று வந்து, அந்த ஓவியப் பெண்ணின் முன்னால் நின்றார். நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க தாயி. ஆனா இம்புட்டையும் உள்ள தொங்க விட்டுட்டியே. சிரட்டை வெளிய கூரைலதான சொருகியிருக்கும்? எங்களுக்கு உள்ள ஏது எடம்?"

என் ஆயுசில் அவர் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்; அதுவும் என்னிடம் இல்லை.

அந்தப் பெண் முகம் சிவந்துபோய், வாசலில் மாட்டலாமா என்று மண்டப மேனேஜரிடம் ஓடினார்.

"வாசல்லயா? நாளைக்கு முகூர்த்தம்மா! பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? உள்ளயே இருக்கட்டும்."

"பாத்தியாலே," என்று அப்பா என் விலாவில் இடித்துச் சிரித்தார். "இப்ப உள்ளயே இருக்கணுமாம்ல."

சிரித்துவிட்டார், ஆறிவிட்டது என்று நினைத்தேன். ஏழாவது பக்கமே மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்குள் அவர் டீயை முடித்திருந்தார்.

"கொழாய் எங்கருக்கு தாயி?"

"அப்பா, வைங்கப்பா!" மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

அவர் என் கிளாஸையும் வாங்கிக்கொண்டு போனார். இதுவும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்து ஒருவர் பின்னாலேயே போய்ப் போட்டோ எடுத்தார். அப்பா இரண்டையும் கழுவிக் கொண்டுவந்து, ஈரத்தைத் துடைக்க என்னிடம் கைக்குட்டை கேட்டார்.