முன்னால் ஒரு பஸ்

நேற்று மத்தியானம் சேவூர் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது, காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வழி சொல்லும் பெட்டி பிடி விட்டுப் பொத்தென்று என் மடியில் விழுந்து, மடியிலிருந்து காலடிக்கு உருண்டது. ஆரணி வெயிலுக்கு எந்த ரப்பரும் தாங்காது. விழுந்த பிறகாவது வாயை மூடியதா என்றால் இல்லை. பிரேக்குக்குப் பக்கத்தில் கிடந்தபடியே "டர்ன் ரைட், டர்ன் ரைட்" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தது. ஓரம் கட்டி, குனிந்து எடுத்து, அதன் ரப்பர் பிடியில் எச்சில் தொட்டு மறுபடி அழுத்தி ஒட்டினேன். கையெல்லாம் சூடான ரப்பர் வாடை. ஓட்ட மனசு வராமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பெட்டியை நான் ஏன் வாங்கினேன் என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஊரில் எனக்கு வழி மறந்துவிட்டதென்று பேசிக்கொள்கிறார்கள்.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டி, பேப்பர் படித்துப் படித்தே தேறினேன். இங்கிலீஷுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் ஆரணிப் பட்டைச் சொந்தக் காரில் பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கடை கடையாக ஏறி விற்ற முதல் ஆள் நான்தான். இப்படிச் சொன்னால் பஜாரில் இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். முதல் ஆள் நான்தான்.

அப்பேர்ப்பட்டவன் போன ஆவணியில் செங்கத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பக்கத்தில் என் வீட்டுக்காரி சரோஜா. போளூர், திருவண்ணாமலை, செங்கம்: கண்ணைக் கட்டிவிட்டாலும் போகிற வழி. திருவண்ணாமலைக்கு வெளியே ஊரைச் சுற்றி இப்போது ஒரு ரோடு. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே ரோடு, அதே பச்சை போர்டு. ஏறினேன், சுற்றினேன், இறங்கினேன். ஜம்மென்று போய்க்கொண்டே இருந்தேன். சரோஜா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, செங்கத்துல எப்பங்க கோட்டை கட்டினாங்க?"

நிமிர்ந்து பார்த்தால் எதிரே செஞ்சி மலை. மேற்கே போக வேண்டியவன் கிழக்கே வந்திருக்கிறேன். நாங்கள் செங்கம் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மகன் குணா கையை நீட்டினான். கடையையும் தறிகளையும் இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

"சாவியக் குடுத்துடுங்கப்பா. டிரைவர் வெச்சிக்கலாம்."

"டிரைவரா? எனக்கா? ஏண்டா, இந்த ஜில்லாவுலே..."

"இன்னிக்கி செஞ்சி. நாளைக்கி எங்க போய் நிப்பீங்களோ?"

ரோடு மாறிவிட்டதா, என் தலைக்குள் ஏதாவது மாறிவிட்டதா? வெளியே யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கடையில் உட்கார்ந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றும். வீட்டுக்கு வந்தால் கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பேன். ஆணியில் சாவி தொங்குகிறதா என்று பார்ப்பேன். சரோஜா, "எதுக்குங்க இந்தப் பேஜாரு? குடுத்துட்டு நிம்மதியா உக்காருங்களேன்" என்றாள். உட்கார்ந்து பழக்கம் இருந்தால்தானே!

கடைசியில் குணாவும் நானும் ஒரு பேச்சுக்கு வந்தோம். வழி சொல்லும் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்கிறேன், அதை வைத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டு ஒரே நாளில் திரும்புகிறேன், எங்கேயாவது தடம் மாறினால் சாவி உனக்கு, மாறாவிட்டால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது என்றேன். "கூட அம்மா வருவாங்க. அவங்ககிட்டதான் கேப்பேன்" என்றான். சாட்சி வைக்கிறானாம்!

போனிலேயே மேப் வருகிறதே என்று நீங்களும் கேட்பீர்கள், அவனும் கேட்டான். என் போன் ஓயாமல் அடிக்கும் போன். ரோடு தெரிந்துகொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் ரோடு மறைந்து அவன் மூஞ்சி வந்துவிடுகிறது. சந்தவாசல் தாண்டி மலைப்பக்கம் போனால் டவரும் போய்விடுகிறது. வழி சொல்வதற்கென்றே ஒன்று இருக்க வேண்டும், அது வேறு வேலை பார்க்கக் கூடாது. நான் ஆள் வைத்துத் தொழில் பண்ணியவன். எனக்குத் தெரியும்.

வேலூரில் கார் சாமான் விற்கும் பாய் ஒருவர் கடைக்குப் போனேன். என் வயதில் பாதி இருப்பார், உடம்பு என்னைப் போல இரண்டு மடங்கு.

"ஜிபிஎஸ்ஸா? இத்த இப்ப யாரும் கேக்கறதில்லண்ணே. எல்லாம் போன்லயே பாத்துக்கறானுங்க."

"கேக்காத சரக்கா இருந்தா வெலய எறக்கு பாய்."

சிரித்துக்கொண்டே அலமாரியின் அடியிலிருந்து மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். பட்டு வாங்க வருகிறவர்களை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! பெட்டிக்குள் இருக்கும்போது எல்லாப் புடவையும் அழகுதான், வெயிலில் பிரித்துப் பார்க்க வேண்டும். "வெளிய எடுத்தா பாய்" என்றேன். காரில் வைத்துப் பார்த்தோம். கல்யாணப் புடவை விலையில் இருந்த பெரிய பெட்டி வெயில் பட்டதும் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிட்டது; அதில் என் மூக்குதான் தெரிந்தது. இரண்டாவது மலிவு. ஆனால் ஆகாயத்தில் இருக்கிற சேட்டிலைட்டைப் பிடிப்பதற்குள் பாய் ஒரு டீ குடித்து முடித்துவிட்டார். வருஷா வருஷம் புது ரோடு ஏற்றுவதற்குத் தனிக் காசு வேறு. இன்றைக்கு ஒரு ரோடு, நாளைக்கு ஒரு ரோடு என்று போட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் அது எனக்குக் கட்டுமா?

மூன்றாவது உள்ளங்கை அகலம். வெயிலில் மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. ஏசியை முழுசாக வைத்தாலும் குரல் கேட்டது. புது ரோடு இலவசம்.

"தமிழ் பேசுமா?"

"இங்கிலீஷு பேசும், இந்தி பேசும். தமிழு பேசாதுண்ணே."

"ரைட்டு லெப்ட்டுக்கு எதுக்குத் தமிழு? சரி, ஊர் பேர எப்படிச் சொல்றது அதுக்கு?"

"இங்கிலீஷ்ல அடிக்கணும்."

நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாய் வியாபாரி. புரிந்துகொண்டார். திரையில் விரலை வைத்துக் காட்டினார். ஒரு வீடு படம்; அதைத் தொட்டால் எங்கே இருந்தாலும் ஆரணிக்குக் கூட்டிவரும். ஒரு நட்சத்திரம், எந்த இடத்தில் நின்று அதை அழுத்துகிறோமோ அந்த இடம் உள்ளே பதிந்துவிடும், அப்புறம் எழுத்தே வேண்டாம். "ஒரு தபா நீங்களா போயிடணும். ரெண்டாந்தபா அது கூட்டிப் போவும்." மற்ற இரண்டிலும் அந்த நட்சத்திரம் எங்கேயோ நாலு படி உள்ளே ஒளிந்திருந்தது. இதில் முகத்திலேயே இருந்தது. சாதாரணப் பட்டுப் புடவை ஒன்றின் விலைகூட இல்லை. வாங்கிவிட்டேன். என் வீட்டையும் பெங்களூர் மார்க்கெட்டையும் மட்டும் பாயே அடித்துக் கொடுத்தார்.

கடைக்குள் புது ரெக்சின் சீட்டு உறைகள் அடுக்கியிருந்தன. அந்த வாடை இருக்கிறதே, அது என்னை நேராக என் முதல் காருக்குக் கொண்டுபோய்விடும். பழைய அம்பாசடர். வாங்கின அன்றைக்கே போளூரில் ரெக்சின் உறை போட்டேன். கீழே தரை ஓட்டை, மேலே ராஜா சீட்டு. ரெக்சின், பெட்ரோல், பின்சீட்டில் மூட்டையாக இருக்கும் புதுப் பட்டின் கஞ்சி வாடை எல்லாம் கலந்து ஒரு வாடை. இன்றைக்குக் காரில் தொங்கவிடுகிறார்களே சென்ட் பாட்டில், எதிலும் அது வராது.

கார் வாங்கிவிட்டேன், பெங்களூருக்கு வழி தெரியாது. போர்டு இங்கிலீஷில் இருக்கும், ஓசூர் தாண்டினால் கன்னடம் வேறு வரும். நான் என்ன செய்தேன்? வேலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றுகொண்டு, எந்த பஸ் பெங்களூர் போகிறது என்று விசாரித்தேன். அது புறப்பட்டதும் அதன் பின்னாலேயே புறப்பட்டேன். இந்த யோசனை எந்தப் படித்தவனுக்கு வரும்?

பஸ் நின்றால் நின்றேன். ஆம்பூரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள், நானும் இறங்கிச் சாப்பிட்டேன். அவர்கள் இலையை மடிப்பதற்கு முன்னால் மடித்தேன். நாட்டறம்பள்ளிப் பக்கம் ஒருவர் ஒன்றுக்குப் போக பஸ்ஸை நிறுத்தினார், எனக்கு வராவிட்டாலும் இறங்கி நின்றேன். முன்னால் ஜன்னலிலிருந்து ஆரஞ்சுத் தோல் வரும், வெற்றிலை எச்சில் வரும், வேறு என்னென்னவோ வரும். வைப்பர் போட்டுக்கொண்டே போனேன்.

பெங்களூரில் பஸ் வளைந்து உள்ளே நுழைந்தது. நானும் நுழைந்தேன். யாரோ விசில் ஊதினார்கள். பஸ் வரிசையில் நின்றது. நானும் வரிசையில் நின்றேன், இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் ஒரு கன்றுக்குட்டி மாதிரி. அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுக்குள் இருக்கிறேன் என்று புரிந்தது. ஒருவர் பெட்டியோடு வந்து என் பின்கதவைத் திறந்து, "சேலம் போவுமா?" என்றார்.

முன் பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார். இடுப்பில் கை.

"யோவ், வேலூர்லருந்து பாத்துகினே வரேன். ஆம்பூர்ல நிக்கறோம், நிக்கற. நாட்டறம்பள்ளில நிக்கறோம், நிக்கற. யாருய்யா நீ? செக்கிங்கா?"

"இல்லீங்க, ஆரணிங்க."

"ஆரணின்னா இன்னாத்துக்கு என் பின்னால வர?"

"வழி தெரியாதுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் தோளில் மாட்டியிருந்த பை குலுங்கியது. "டிக்கெட் எடுக்காம என் பஸ்ல வந்த மொத ஆளு நீதான்யா" என்று சொல்லி, வசூலைக் கட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பெயர் தங்கவேலு. மார்க்கெட் வரைக்கும் கூடவே வந்து, தமிழ் பேசும் ஒரு சேட் கடையைக் காட்டி, "நம்ம ஆளு, நல்ல சரக்கு" என்று என் சரக்கைப் பார்க்காமலேயே சொன்னார். அந்த ஒரு சொல்லில்தான் முதல் மூட்டை விற்றது.

அப்புறம் நான் எந்த ஊருக்குப் போனாலும் முன்னால் ஒரு பஸ் இருக்கும். சேலத்துக்கு ஒன்று, மைசூருக்கு ஒன்று. பின்கண்ணாடி வழியாகக் குழந்தைகள் கை காட்டும். டிரைவர்கள் வலது கையை வெளியே போட்டு, "வா, போ" என்று சொல்வார்கள். டீக்கடையில் நின்றால், "அந்தப் பட்டுக்காரர் வந்துட்டாரு, வண்டிய எடுங்கப்பா" என்று என்னை வைத்து பஸ் புறப்படும். சும்மா சொல்லவில்லை, ஒரு நாள் எனக்காகவே நின்றது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். கண்ணாடியில் பெட்டி, பக்கத்தில் சாட்சி. கண்ணமங்கலம், வேலூர், அப்புறம் பெரிய ரோடு. திரையில் நீலக் கோடு, அதன் மேல் ஒரு சின்ன அம்பு. என் கண் அதை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் வேகத்தைக் குறைத்தேன். மேலே ஏறுவதா, கீழே போவதா? பெட்டி முன்கூட்டியே சொன்னது. சொன்னபடி செய்தேன். ஆம்பூர் பாலத்துக்குக் கீழே போய்விட்டது. கிருஷ்ணகிரி எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை.

"எங்கயாச்சும் நிறுத்துங்க, பசிக்குது" என்றாள் சரோஜா.

"நிறுத்தினா அம்பு எங்கயாவது போயிடும்."

"அம்பு எங்கங்க போவும்? நீங்கதான் அது!"

அவள் பையிலிருந்து இட்லியை எடுத்து ஓடுகிற காரிலேயே எனக்கு ஊட்டினாள்.

ஓசூருக்கு முன்னால் ஒரு சுங்கச்சாவடி. பழக்கதோஷம், கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "பெங்களூர் போறங்க, இன்னிக்கே திரும்பிடுவோம்" என்றேன். கூண்டுக்குள் ஆள் இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டை எங்கிருந்தோ பார்த்துவிட்டுக் கட்டை தானாக மேலே போயிற்று.

"யாருகிட்டங்க பேசறீங்க?"

சாட்சி கேட்கிறாள். செஞ்சியை விட இது பெரிய கேஸ் ஆயிற்றே!

"யாருகிட்டயும் இல்ல."

அந்தக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். "கண்ணாடிய ஏத்துங்க, ஏசி போவுது" என்றாள்.

மார்க்கெட்டுக்குப் போய், சேட்டின் மகனிடம் சரக்கைக் கொடுத்து, வாசலில் நின்று நட்சத்திரத்தை அழுத்தி, வீட்டுப் படத்தைத் தொட்டுத் திரும்பினோம். விளக்கு வைப்பதற்குள் வீடு. குணா வாசலில் நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை, அவன் அம்மாவைப் பார்த்தான்.

"எங்கனா தப்பாச்சாம்மா?"

காரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நான் ஸ்டியரிங்கை விடவில்லை. மூச்சையும் விடவில்லை.

"ஒரு எடத்துலயும் தப்பலடா. வழியில ஒருத்தரக்கூடக் கேக்கல."

"ஒருத்தரக்கூடவா?" என்று குணா அசந்துபோனான். "சரிப்பா, இனிமே நான் பேசல."

ஜெயித்துவிட்டேன். தெருவில் நாலு பேருக்குச் சொல்லவும் செய்தேன், ஒருவரையும் கேட்காமல் பெங்களூர் போய்வந்தேன் என்று. ஆனால் சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது. அவ்வளவு தூரத்தில் நான் ஒருவரையும் கேட்கவில்லை, என்னையும் ஒருவர் "யாருய்யா நீ, எங்க போற?" என்று கேட்கவில்லை. நான் போனதும் வந்ததும் அந்த ரோட்டில் ஒரு மனுஷனுக்கும் தெரியாது.

சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நாளைக்கு எங்கேயாவது போக வேண்டும். எங்கே என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.