ரெண்டு மணி வரைக்கும் பொறுத்துக்கோ!

போன வியாழக்கிழமை எங்கள் வீட்டு ஃபோன் செத்துவிட்டது. கீழ் ஃபிளாட் பங்கஜம் மாமி வீட்டிலிருந்து ஒரு கால் பண்ணலாம் என்று இறங்கினேன்.

ஹாலில் மாமியின் மருமகள் வசந்தி. நிறைமாதம். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது, முகமெல்லாம் வியர்வை.

"என்னடி, வலியா?"

"இல்லக்கா... இப்ப வரக் கூடாது. ரெண்டு மணிக்கு அப்புறம்தான்."

பிரசவத்துக்கும் அப்பாயின்ட்மென்ட் உண்டா என்ன?

உண்டாம். பஞ்சாங்கமும் கையுமாக உட்கார்ந்திருந்த மாமி விளக்கினார். "இப்போ ஆயில்யம். பொண்ணாப் பொறந்துடுத்துன்னா, அதுக்கு வரப்போற மாமியாருக்கு ஆகாது. ரெண்டு மணிக்கு மகம் வந்துடறது. செத்த பொறுத்துண்டா என்னவாம்?"

இருபத்தைந்து வருஷம் கழித்து வரப்போகிற, முகம் தெரியாத ஒரு மாமியார் — அவர் உயிரைக் காப்பாற்ற இங்கே ஒரு பெண் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்! மாமியாருக்கு மாமியார் இப்படி ஓர் ஒற்றுமை எந்தத் தொழிற்சங்கத்தில் உண்டு?

வசந்தி ஏற்கெனவே பயந்தவள். முதல் பிரசவம். அம்மா டெல்லியில். ஒரு மாதமாகத் 'தைரியம் சொல்ல' வந்தவர்கள் எல்லோரும் தங்கள் பிரசவக் கதையை விலாவாரியாகச் சொல்லி, அவள் உயிரில் பாதியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மீதியைப் பஞ்சாங்கம் எடுத்துக்கொண்டிருந்தது.

"பயமா இருக்குக்கா. குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோ?" என்று கிசுகிசுத்தாள். அவள் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் உடைந்தது.

அப்புறம் நான் யாரிடமும் பெர்மிஷன் கேட்கவில்லை. தெருமுனையில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டேன். டிரைவர் வசந்தியை ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இன்னாம்மா, இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

மாமி, பஞ்சாங்கத்தோடு ஏறிக்கொண்டார்.

நர்ஸிங் ஹோமில் டாக்டரம்மா போட்ட சத்தம் லஸ் கார்னர் வரை கேட்டிருக்கும். குழந்தையின் நாடித் துடிப்பு குறைய ஆரம்பித்திருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால்...

நல்லவேளை, ஒரு மணிக்கெல்லாம் பிறந்துவிட்டது. பெண். கணீரென்று அழுகை.

வசந்தியைக் கட்டிலுக்குக் கொண்டுவந்ததும் மாமி நர்ஸிடம் குழைந்தார். "டயத்தை மட்டும் ரெண்டு அஞ்சுன்னு போட்டுடேன்மா... உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பொறந்த டயத்தையே போடுங்கோ சிஸ்டர்!"

வசந்திதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் இத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"என் பொண்ணுக்கு மொத நாளே பொய் வேண்டாம்."

நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விட்டார். மாமி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

மாமி இப்போது என்னோடு பேசுவதில்லை. வசந்தி பேசுகிறாள் — மாமிக்குக் கேட்கிற மாதிரியே!