நாற்பது கால் சிப்புகள்

நான் மின்னணுவியல் படித்து முடித்தபோது சைகோனில் நுண்செயலிகளின் வரலாற்றைச் சொல்லும் புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. எங்கள் கடை இழுப்பறைகளில் அந்த வரலாறு கிடைத்தது. நகரத்தின் பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் வீட்டில் நாங்கள் பழைய பெயரைத்தான் சொல்லுவோம். பென் தான் சந்தைக்குப் பின்புறத்தில், முன்பு துணி விற்ற அதே கடையில், அத்தாவின் தம்பியான என் சாச்சா ரேடியோ பழுதுபார்த்தார், பிறகு கால்குலேட்டர், அதன் பிறகு கணினி. காரைக்கால் உறவினர்களில் பெரும்பாலோர் எழுபத்தைந்தில் போர் முடிந்த பின் கப்பலேறிப் போனார்கள். சாச்சா கடைச் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை.

நான் கடையில் செய்த முதல் வேலை, இழுப்பறைகளை வயதுப்படி அடுக்கியது. மேலே 8080. அதற்கு மூன்று வகை மின்னழுத்தம் வேண்டும், அதனாலேயே அதைத் தொட யாரும் விரும்புவதில்லை. அடுத்தது இசட்-80. அது 8080-இன் கட்டளைகள் எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும், ஒரே மின்னழுத்தத்தில் ஓடும். 8080-ஐச் செய்த இடத்திலிருந்து வெளியேறியவர்கள்தான் இதைச் செய்தார்கள் என்று சொன்னேன். "அப்டிச் சொல்லு. ஒரு கடையில வேல கத்துக்கிட்டு எதிருலயே கட போட்டாஹ" என்றார் சாச்சா. மூன்றாவது 6502, எல்லாவற்றிலும் மலிவு. பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் மூட்டையில் கொண்டுவந்த சிறிய வீட்டுக் கணினிகளுக்குள் அது இருக்கும். அதற்குக் கீழே 8086, 8088. கடைசி இழுப்பறையில் 286, அது மட்டும் சதுரம். மற்ற எல்லாவற்றுக்கும் நாற்பது கால்கள்.

கால்கள் வளையாமலும் நிலைமின்சாரம் தாக்காமலும் இருக்க, நுரைத்துண்டின் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி அதில் சிப்புகளைக் குத்திவைப்போம். வெளிநாட்டில் இதற்கென்றே கறுப்பு நுரை விற்கிறார்களாம். எங்கள் தெருவில் சிகரெட் குடிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை.

தெத் புத்தாண்டுக்கு முந்தைய வாரம், ஒரு தையல் கூட்டுறவின் அலுவலகப் பொறுப்பாளர் தன் கணினியை சிக்லோ என்ற சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தார். என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அவர் 'ச்சி', அதாவது அக்கா. தையல் வரிசையில் இருந்து அலுவலகத்துக்கு உயர்ந்தவர். எல்லோருடைய பெயர்களையும் கையால் எழுதிவந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றலாம் என்று கூட்டுறவுத் தலைவரைச் சம்மதிக்கவைத்தவர் அவர்தான். அந்த ஆண்டு தொழிலாளர்கள் தெத் பரிசு வாங்கக் காட்டும் சீட்டுகளைப் பெயரோடு அதிலேயே அச்சடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். மின்வெட்டு முடிந்து மின்சாரம் பாய்ந்து வந்த ஒரு நொடியில் இயந்திரம் செத்துவிட்டது.

"நாளை சாயங்காலம் சீட்டு கொடுக்கணும்" என்றார் ச்சி. "இல்லன்னா பெட்டி கிடங்குக்குப் போகும், நான் தையல் மெஷினுக்குப் போகணும். தலைவர் சொல்லிட்டார்."

சாச்சா வியட்நாமிய மொழியில் ஆறுதல் சொல்லப் பார்த்தார். "தையல் உங்களுக்குக் கைவந்த வேலதானே?"

"கைவந்த வேலதான். மறுபடியும் போனா, வரிசையில இருக்கிறவங்க மெஷின் நின்னாக்கூட என் பேரச் சொல்லிச் சிரிப்பாங்க."

மின்வழங்கி சரி, கடிகாரத் துடிப்பு சரி, நினைவகம் சரி. அவருடைய சிப்பைப் பிடுங்கி என் சொந்தக் கணினியின் போர்டில் போட்டுப் பார்த்தேன். அந்த போர்டும் பேசவில்லை. செத்தது 8088. எங்கள் 8088 இழுப்பறையில் வெறும் வெள்ளித்தாள்தான் இருந்தது.

சாச்சா பக்கத்து இழுப்பறையை இழுத்தார். "இந்தா, 8086 இக்கிது. எண்ணிப் பாரு, நாப்பது காலு."

"காலு ஒன்னுதான் சாச்சா. வாசல் வேற."

இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் யோசிக்கும், ஒரு நேரத்தில் பதினாறு பிட்டுகள். ஆனால் 8086 வெளியே பேசுவதும் பதினாறாகத்தான். 8088 எட்டு எட்டாகப் பிரித்து அனுப்பும். அப்படிக் குறுக்கியதால் வேகம் குறைந்தது. ஆனால் சுற்றியுள்ள பாகங்களுக்கு அன்று மலிவாகக் கிடைத்த எட்டு பிட் சாமான்களே போதுமானவையாக இருந்தன. மேசைக் கணினி உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்தக் குறுகிய வாசலும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பரவலாக விற்றது சிறந்த சிப் இல்லை, கட்டுப்படியாகிற சிப்தான்.

என்னுடைய சொந்தக் கணினியில், சிங்கப்பூர் கப்பலாள் ஒருவரிடம் வாங்கிய ஒரு வி-20 இருந்தது. ஜப்பானில் செய்தது. 8088 உட்காரும் இடத்தில் அப்படியே உட்காரும், அதைவிட வேகமாகவும் ஓடும். சிப்பு முனையின் பள்ளம் சரியான பக்கம் இருக்கிறதா என்று பார்த்து அழுத்தினேன். திரை ஒளிர்ந்தது. ச்சி பெயர்ப் பட்டியலைத் திறந்தார். பட்டியல் முன்பைவிடச் சீக்கிரம் அகரவரிசைக்கு வந்ததைப் பார்த்ததும், "எம், இது என் பெட்டிதானா?" என்று கேட்டார். 'எம்' என்றால் தங்கை.

மறுநாள் காலை கூட்டுறவு அலுவலகத்தில் பிரிண்டரை மாட்டினோம். சாச்சாவும் வந்திருந்தார். வியட்நாமிய எழுத்தை அச்சடிக்க ச்சியின் கணினியில் இருந்த நிரல் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை ஓட்டும். முதலில் எழுத்துகள், பிறகு தாளை நகர்த்தாமல் திரும்பி வந்து அவற்றின் மேலே குறிகள். முதல் சீட்டு வெளியே வந்தது. சில எழுத்துகளைக் காணோம். குறிகள் இடப்பக்கம் நகர்ந்து அடுத்தவன் தலையில் உட்கார்ந்திருந்தன. ச்சி அதைக் கையில் எடுத்துப் பெயர்ப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். பக்கத்து மேசை எழுத்தர்கள் பேனாவுக்கு மை போட ஆரம்பித்தார்கள்.

"சிப்புதான் கோளாறு" என்றார் சாச்சா என்னிடம் தமிழில்.

"சிப்பு நல்லாருக்கு. சந்தேகப்பட நாலு சாமான் இருக்கு. ரிப்பனு, நிரலு, கேபிளு, பிரிண்டரு. ரிப்பன் நல்லா அடிக்கிது. பிரிண்டர் தானா ஓட்டிப் பாக்குற தாளும் சுத்தமா வந்துச்சி. கேபிளத் திறங்க."

"அது நான் கட்டுன கேபிளு. வருசக்கணக்கா ஓடுது."

"அதான் திறக்கச் சொல்றேன்."

பிளக்கின் மூடியைக் கழற்றினேன். எட்டுத் தரவுக் கம்பி, ஒரு அறிவிப்புக் கம்பி, ஒரு தரைக் கம்பி, மொத்தம் பத்து. "சாச்சா, 'கொஞ்சம் பொறு, வேலையா இக்கிறேன்'னு பிரிண்டர் சொல்லுமே, அந்தக் கம்பி எங்கே?"

"பத்து இழ டெலிபோன் வயருதான் கெடச்சிச்சி. பதினொன்னாவதுக்கு நான் எங்கே போவ? அது இல்லாமலே ஓடிச்சி."

"மெதுவான சிப்பா இருந்துச்சி, ஓடிச்சி. துணி கிழிச்ச கை, ஒரு இழைய மிச்சம் புடிச்சாத்தான் தூக்கம் வரும் உங்களுக்கு."

"போவட்டும்டி, ஊர்ல எல்லாரும் அப்டித்தானே கட்டுறாஹ."

அது உண்மை. எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். அதனால் நிரல் எழுதியவர்களும் அந்தக் கம்பியை நம்புவதில்லை. ஒரு எழுத்தை அனுப்பிவிட்டு, ஒரு பெரிய எண்ணிலிருந்து பூச்சியம்வரை இறங்கி எண்ணும்படி சிப்பை நிறுத்திவைப்பார்கள். 8088 எண்ணி முடிப்பதற்குள் பிரிண்டர் தயாராகிவிடும். வி-20 சீக்கிரமே எண்ணி முடித்துவிட்டு, பிரிண்டர் முந்தைய எழுத்தில் இருக்கும்போதே அடுத்ததைத் தள்ளியது. தள்ளியது விழுந்து போனது.

பதினொன்றாவது கம்பியை அப்போது பற்றவைத்தும் பயனில்லை, அதைக் கவனிக்க நிரலுக்குத் தெரியாது. எழுதியவரோ நாட்டைவிட்டே போய்விட்டார். நிரலின் நகலொன்றை வேறு வட்டில் எடுத்துக்கொண்டு, அதைக் கட்டளை கட்டளையாகப் பிரித்துக் காட்டும் கருவியில் திறந்தேன். எண்ணும் சுழல் கண்ணில் பட்டது. அதன் எண்ணைப் பாதியளவு கூட்டி, சேமித்தேன்.

"வேகத்தக் குறைக்கிறீங்களா?" என்றார் ச்சி. அதுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வேகம் அது.

"அச்சடிக்கும்போது மட்டும். மத்த வேலை எல்லாம் புது வேகத்துலதான் ஓடும்."

அடுத்த சீட்டு வந்தது. ச்சி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்தார். இன்னொன்று, இன்னும் ஒன்று. பிறகு படிப்பதை நிறுத்திவிட்டு, வரும் தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்க ஆரம்பித்தார். சாச்சா அவற்றைக் கத்தரித்தார். கோணாமல் வெட்டுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. மாலைக்குள் முடித்துவிட்டோம்.

தலைவர் வந்ததும் கட்டைப் பிரித்து முதலில் தன் சீட்டைத் தேடினார். பெயரைப் பார்த்தார். நடுவிலிருந்து இரண்டை உருவிப் பார்த்தார்.

"வருகைப் பட்டியலையும் இதுல போட முடியுமா?" என்று ச்சியிடம் கேட்டார்.

"போடலாம். ஆனா மின்சாரம் பாய்ஞ்சா மறுபடியும் செத்துரும். ஒரு ஸ்டெபிலைசர் வேணும்."

"எழுதிக் குடு, பாக்கலாம்."

"அச்சடிச்சே தரேன், உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு ச்சி விசைப்பலகைக்கு முன்னால் அமர்ந்தார். தலைவர் உட்கார்ந்தார்.