ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து

நான் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போவில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் பியூனாக இருந்தேன். ரப்பர் தோட்டங்களில் தொழிலாளர்களின் வீடு வீடாகப் போய் நிரப்பிய படிவங்களை அடுக்கி வைப்பது என் வேலை.

அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர், புதிதாக வந்த சாந்தி மிஸ். குழாய் இல்லாத வீடுகளின் பட்டியல், தோட்டத்துக்கு ஒன்றாக, வெள்ளிக்கிழமைக்குள் அரசாங்கத்துக்குப் போகாவிட்டால், அவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். ஆனால் ஒரு பட்டியல் வரவே அரை நாள் ஆனது.

தேநீர் வைக்கும்போது திரையைக் கவனித்தேன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் வீடுகளின் வரிசை எண் மறுபடி ஒன்றிலிருந்து ஓடியது. எல்லாத் தோட்டத்து வீடுகளையும் புரட்டித்தான் கம்ப்யூட்டர் ஒரு தோட்டத்து வீடுகளைப் பொறுக்கியது. காரணம் புரிந்தும், கூச்சத்தால் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், எல்லா வீட்டையும் ஒரே குவியலாவா உள்ள வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே, ஏன்?"

"நான் தோட்டவாரியா கட்டி வச்சிருக்கேன். ஒரு தோட்டத்தக் கேட்டா, அந்த ஒரு கட்டை மட்டும்தான் பிரிப்பேன்."

டிரைவர் முனியாண்டி சிரித்தார். "அண்ணே கம்ப்யூட்டருக்கே பாடம் எடுக்கிறாரு லா!"

"சும்மா இருங்க லா," என்றார் மிஸ். தோட்டத்துக்கு ஒரு கோப்பாகப் பிரிக்க மதியம் வரை ஆனது. அதன்பின் முதல் பட்டியல், நான் தேநீரை ஆற்றி முடிப்பதற்குள் வந்துவிட்டது.

"அண்ணே, வந்துருச்சு!" அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். முனியாண்டியே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாலைக்குள் எல்லாப் பட்டியல்களும் அச்சாகிவிட்டன.

நான் பேசினால் சிரிப்பார்கள் என்று பயந்திருந்தேன். ஒருவர் சிரிக்கத்தான் செய்தார். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பேசாமல் இருந்திருந்தால், அத்தனை வீட்டுப் பெண்களும் இன்னொரு வருடம் கிணற்றில் தண்ணீர் இறைத்திருப்பார்கள்.