ஓர் ஆப்பிள் பையின் சர்க்கரைக் கணக்கு

என் கணவருக்குப் பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனதுதான் முதல் அறிகுறி. அதை அறிகுறி என்று நாங்கள் நினைக்கவில்லை. பல வருடமாகச் சர்க்கரை நோய் இருந்தவர். தொந்தி கரைந்து பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டபோது சந்தோஷப்பட்டோம். சிம்மக்கல்லில் அவருடைய பிளாஸ்டிக் சாமான் கடைக்கு வருகிறவர்கள், "என்னண்ணே, பத்து வயசு கொறஞ்சு போச்சே" என்றார்கள். பெருமை எனக்கு. அவர் வாய்க்குக் காவல் இருந்தவள் நான்தானே.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இரண்டே பேர். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். எந்தப் பாக்கெட்டையும் பின்பக்கம் படிக்காமல் கூடையில் போடமாட்டேன். கோச்சடையில் எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டுக்கு ஆப்பிள் பை (மைதா ஓட்டுக்குள் ஆப்பிள் கூழை வைத்துச் சுட்டது) வந்த நாளிலிருந்து அவருக்கு அதன்மேல் ஒரு கண்.

"பழந்தானே எஸ்தர்? டாக்டரே ஆப்பிள் திங்கலாம்னாரு."

"பழம்னு பேரு. மொதல்ல மைதா, அடுத்து சீனி, அடுத்து பாமாயில். அதுக்குப் பெறகுதான் ஆப்பிள். கீழ வைங்க."

வைத்துவிடுவார். மறுநாள் கடையிலிருந்து வரும்போது தனியாக வாங்கித் தின்றுவிட்டு, சட்டையெல்லாம் தூளோடு வீட்டுக்குள் நுழைவார். திருடத் தெரியாத மனிதர். அதற்கொரு சண்டை நடக்கும். அந்தச் சண்டைகளை நினைத்தால் இப்போது அழுகை வருகிறது.

முதுகுவலி வந்தது. கண் மஞ்சளானது. ஸ்கேன் எடுத்ததில் கணையத்தில் (இரைப்பைக்குப் பின்னால் இருந்து இன்சுலினும் செரிமான நீரும் சுரக்கும் உறுப்பு) புற்றுநோய் என்று தெரிந்தது. கல்லீரலுக்கும் பரவியிருந்ததால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. கீமோதெரபி (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்தை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவது) கொடுத்தார்கள். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது காரணமில்லாமல் எடை குறைந்தால், பாராட்டு வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.

கீமோ ஏற ஏற அவர் இன்னும் இளைத்தார். திருப்பரங்குன்றத்திலிருந்து அவருடைய தம்பி வந்து, "சீனிய அடியோட நிறுத்துனா கட்டி பட்டினி கெடந்து செத்துருமாம் மதினி, வீடியோ வந்துச்சு" என்றார்.

"கட்டி பட்டினி கெடக்காது தம்பி. ஒங்க அண்ணன்தான் கெடப்பாரு" என்றேன். என் குரல் அன்று நன்றாக இல்லை.

இரண்டாவது ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே என்னிடம் சொன்னார். "இனிமே மருந்து போதும்மா. அவர் எது ஆசைப்பட்டாலும் குடுங்க. சுகரைப் பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டு இருந்தார்.

உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சின்ன வயதுப் பெண். நோயே உடம்பைத் தின்று இளைக்க வைக்கும் நிலை இது, பெயர் கேகெக்ஸியா என்றாள். என்ன விரும்பிச் சாப்பிடுவார் என்று கேட்டாள். புகார் சொல்வதுபோல ஆப்பிள் பையைச் சொன்னேன். பாக்கெட் விவரம் எனக்கு மனப்பாடம். நூறு கிராமுக்கு முந்நூற்று இருபது கலோரி, சர்க்கரை பதினெட்டு கிராம், கொழுப்பு பதினைந்து, புரதம் மூன்று, நார்ச்சத்து ஒன்றுகூட இல்லை என்று ஒப்பித்தேன்.

"அப்ப அதையே குடுங்க டீச்சர்" என்றாள். "அவரால ஒரு இட்லி முழுசா திங்க முடியல. இது கையளவுதான், ஆனா கலோரி இருக்கு. புரதம் பத்தாது, முட்டையோ பாலோ சேத்துக்கங்க. கொழுப்பு செரிக்க இந்த என்சைம் மாத்திரைய சாப்பாட்டோடயே போடணும். இன்சுலின் அளவ டாக்டர் மாத்தித் தருவாங்க."

நான் விரோதியாக நினைத்த எண்களெல்லாம் ஒரு நிமிடத்தில் எனக்கு வேண்டியவையாகிவிட்டன. வழியிலேயே இறங்கி நான்கு வாங்கினேன்.

தட்டில் வைத்துக் கொடுத்தேன். தொடவில்லை.

"ஏங்க, ஆசைப்பட்டதுதானே?"

"நீயே வாங்கிட்டு வந்து குடுக்குற. வேணாங்கல, திட்டல." தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப அம்புட்டுத்தானா எஸ்தர்?"

அழுதிருந்தால் அவருக்குப் பதில் கிடைத்திருக்கும். அதனால் வகுப்பில் பேசுகிற குரலை எடுத்தேன்.

"யாரு முழுசும் ஒங்களுக்குன்னா? பாதிதான். மீதியத் தொட்டுப் பாருங்க, தெரியும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாதியைச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஃபிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் ஆப்பிள் பையை ஒளித்து வைப்பேன். மத்தியானம் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவது கேட்கும், பிறகு கவர் பிரிக்கிற சத்தம். எழுந்து போய்த் திட்டுவேன். வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் இருவரும் ஒழுங்காக நடித்தோம். அந்த நாட்களில் அவர் எடை கூடவில்லை, முகம் மட்டும் தெளிந்திருந்தது. அது போதும் என்று நான் பழகிக்கொண்டேன்.

உங்களுக்கும் இப்படியொரு நாள் வந்தால், வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். கடைசியில் உடம்பு தானாகவே சாப்பாட்டை வேண்டாம் என்கிறது. அது நம்மை வேண்டாம் என்பது அல்ல. இது எனக்குப் புரியச் சில நாள் ஆனது.

ஒரு மத்தியானம் கவர் சத்தம் கேட்கவில்லை. எழுந்து பார்த்தேன். கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பையைப் பிட்டு உள்ளே இருந்த ஆப்பிளை மட்டும் ஸ்பூனில் எடுத்துப்போனேன். உதட்டில் வைத்தும் உள்ளே போகவில்லை.

"இதுல சீனி எம்புட்டு?" என்று கேட்டார். குரல் காற்றாக வந்தது.

பாக்கெட்டை எடுத்து வந்து, மனப்பாடமாகத் தெரிந்ததை அவருக்காகப் படித்தேன். "பதினெட்டு கிராம். ஒங்களுக்கு ஆகவே ஆகாது" என்றேன்.

"சரி. அப்ப நாளைக்குத் திங்கிறேன்" என்றார். அவர் கோர்வையாகப் பேசியது அதுதான் கடைசி. அந்த வாரமே போய்விட்டார்.

ஒரு வருடம் கழித்துத் தலைசுற்றலுக்காக எங்கள் பகுதி டாக்டரிடம் போனேன். ரத்தம் பரிசோதித்துவிட்டு, சர்க்கரை நோய் வரப்போகும் எல்லையில் இருக்கிறேன் என்றார்.

"ஸ்வீட், மைதா, பேக்கரி சாமான் எல்லாத்தையும் நிறுத்துங்க டீச்சர். இப்பவே கவனிச்சுக்கிட்டா இன்னும் இருபது, முப்பது வருசம் நல்லா இருக்கலாம்."

தலையாட்டிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒருவரை இதைத் தின்னாதே என்று சொன்னால், உனக்கு நாள் இருக்கிறது என்று சொல்வதாக அர்த்தம். அவர் என் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்டதும் அதைத்தான். அவருக்கு நான் பொய்யாகக் கொடுத்ததை எனக்கு ஒருவர் நிஜமாகவே கொடுக்கிறார். இந்த உடம்பு இன்னும் முப்பது வருடம் வரப்போகிறது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்றே என் கைக்கு இன்னும் பழகவில்லை.