கெங்கம்மாளின் தொட்டி தானாக நிரம்பியது

கெங்கம்மாள் எனக்கு ஒன்பதாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தார். திண்டிவனத்தில் அவர் வீட்டு வாசலில் நான் கட்டிய தரைத்தொட்டிக்கான கூலி அது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இந்த ஊரில் நான் குழாய் போடாத தெரு ஒன்றை யாராவது காட்டட்டும், பார்க்கலாம்.

கணவர் போன பிறகு சோறாக்கி விற்றே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர் கெங்கம்மாள். விழுப்புரத்தில் ஒரு தையல் கம்பெனிக்கு மதியச் சாப்பாடு தரும் ஆர்டர் அவருக்குக் கிடைத்தது. காலையிலேயே பஸ் ஏற வேண்டும். நகராட்சித் தண்ணீரோ ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் அதற்குத் தோன்றிய நேரத்தில் வரும். குழாயைத் திறந்து மூட வீட்டில் ஆள் கிடையாது. தண்ணீர் பிடிக்காவிட்டால் மறுநாள் உலை இல்லை, ஆர்டரும் இல்லை.

"மிதவை வால்வு போட்டிருக்கேன். தண்ணி வந்தா தானா ரொம்பும். பந்து மேல வந்தா தானா நின்னுடும். நீ பாட்டுக்குப் போய்க்கினு வாம்மா" என்றேன்.

"ரொம்பி நிக்கறத என் கண்ணால பார்த்தாதான் துட்டு, மேஸ்திரி."

இரண்டாம்முறை தண்ணீர் வந்தபோது தெருவே குளமானது. எதிர்வீட்டு சவுரிராயன் கத்தினார்: "இன்னா மேஸ்திரி, தொட்டி கட்டினியா, ஏரி வெட்டினியா?"

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பந்தில் கயிறு கட்டி யாரோ ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். பந்து எப்படி மேலே வரும்?

கெங்கம்மாள் அசரவில்லை. "நான்தான் கட்டினேன். மொத தபா நாலு விரக்கடை காலியா இருக்கும்போதே உங்க பந்து தண்ணிய நிறுத்திடுச்சு. எப்பவோ வர்ற தண்ணி, அத்த எதுக்கு வுடணும்?"

"அந்த நாலு விரக்கடைக்காக ஊர்த் தண்ணி பூரா தெருவுல ஓடுதேம்மா!"

கயிற்றை அறுத்தெறிந்தேன். பந்தின் பித்தளைக் கம்பியை மேல்நோக்கி வளைத்தேன். இனி விளிம்புக்கு ஒரு விரல் கீழே தண்ணீர் நிற்கும். என் கை வளைத்த கம்பி அளவு தப்பாது.

அடுத்த தண்ணீர் நாளன்று கெங்கம்மாள் என்னையும் பஸ் ஏறச் சொன்னார். "நான் அந்தாண்ட போனதும் நீங்க வந்து குழாய மூடிட்டுப் போனா? என் கூடவே வாங்க."

சாம்பார் வாளியை மடியில் வைத்துக்கொண்டு நானும் விழுப்புரம் போனேன். தையல் பெண்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நானும்தான்.

திரும்பி வந்தால் தெரு காய்ந்து கிடந்தது. கெங்கம்மாளின் முகம் சுருங்கியது. "இன்னிக்குத் தண்ணியே வரலயா?"

"வந்து நின்னே போச்சு. உன் வூட்டாண்டதான் ஒரு சொட்டு சிந்தல" என்றார் சவுரிராயன்.

கெங்கம்மாள் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். சரியாக ஒரு விரல். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார்.

"நாளைக்கும் உலை வெப்பேன். கைய நீட்டுங்க, மேஸ்திரி."

நீட்டினேன். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, என் உள்ளங்கையில் வைத்தார்.